ஐந்து வாய்க் காட் றீடரும் இரண்டு நிமிடக் கறுப்புத் திரையும்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் நானும் இவரும் சேர்ந்து ஒரு சின்னப் படப்பிடிப்பு நிலையம் நடத்துகிறோம். இவர் கமராவோடு வெளியில் திரிவார். கடையில் இருந்து படங்களைத் திருத்துவது, அல்பம் அடுக்குவது, சாமத்தியவீட்டுக்கும் கலியாணத்துக்கும் அழைப்பிதழ் அடிப்பது எல்லாம் என் பாடு. நான் இங்கே எழுதுவது, கொம்பியூட்டர்ப் பெட்டியின் முன்பக்கத்தில் பூட்டி, கமராக் காட்டுகளை வாசிக்கிற காட் றீடர் ஒன்றைப் பற்றி. அதோடு, அது செய்த வேலையைக் கண்டுபிடித்த ஒரு சின்னத் திருத்தகத்தைப் பற்றியும்.

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்களுக்கு வேறு விதமான வேலை வரும். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்து நிற்கிற சனம், தங்கள் பழைய கமராக் காட்டுகளைக் கைப்பையில் போட்டுக் கொண்டு வருவார்கள். கமரா எப்போதோ பழுதாகியிருக்கும், காட் மட்டும் மிஞ்சியிருக்கும். சோனி 1998 இல் கொண்டு வந்த மெமறி ஸ்ரிக் வரும். ஒலிம்பஸும் பியூஜிபில்மும் 2002 இல் கொண்டு வந்த, நகம் அளவான எக்ஸ்.டி. காட் வரும். பெரிய கமரா வைத்திருந்தவர்கள் கொம்பக்ட் பிளாஷ் தருவார்கள். இப்போது கடைகளில் கிடைக்கிற சின்ன றீடர்களில் எஸ்.டி.க்கும் மைக்ரோ எஸ்.டி.க்கும் மட்டுமே வாய் இருக்கிறது. போன திருவிழாவில் ஒரு அம்மா எக்ஸ்.டி. காட் ஒன்றை வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்து தந்தார். அதில் அவருடைய தாயாரின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் இருக்கின்றனவாம். என்னால் திறக்க முடியவில்லை. திருப்பிக் கொடுத்த அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. 1995 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டு அல்பங்களில் இரண்டுதான் எங்களோடு வந்தன. படம் இருக்கிறது, ஆனால் பார்க்க முடியாது என்றால் அது என்ன வேதனை என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் இதை வாங்கினேன். 2,400 ரூபா. பெட்டியில் பெரிதாகப் பெயர் ஒன்றும் இல்லை. முந்திப் பிளொப்பி போடுகிற இடத்தில் பூட்டுகிற சாமான். எஸ்.டி., மைக்ரோ எஸ்.டி., கொம்பக்ட் பிளாஷ், மெமறி ஸ்ரிக், எக்ஸ்.டி. என்று ஐந்து வாய், பக்கத்தில் ஒரு யு.எஸ்.பி. துளை, ஒரு நீல வெளிச்சம். பின்னால் இருந்து வருகிற வயரை மதர்போட்டில், அதாவது பெட்டிக்குள் இருக்கிற பிரதான பலகையில், இருக்கிற 9 ஊசி யு.எஸ்.பி. இணைப்பில் செருக வேண்டும். அந்த ஒரு இணைப்பில் இரண்டு யு.எஸ்.பி. வழி இருக்கும். ஒன்றை றீடர் எடுக்கும், மற்றது முன்பக்கத் துளைக்குப் போகும். இவரே பத்து நிமிடத்தில் பூட்டிவிட்டார்.

காட் வாசிக்கிற வேலையில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எக்ஸ்.டி. முதல் தரமே திறந்தது. மெமறி ஸ்ரிக்கும் அப்படியே. கொம்பக்ட் பிளாஷ் மட்டும் கவனமாகப் போட வேண்டும். அதன் வாயில் இருக்கிற மெல்லிய ஊசிகள் காட்டைச் சரித்துத் தள்ளினால் வளைந்துவிடும்.

வேகம்தான் போதாது. இது யு.எஸ்.பி. 2.0. எழுத்தில் நொடிக்கு 480 மெகாபிட் என்று சொன்னாலும், கையில் கிடைப்பது நொடிக்கு 30 மெகாபைட் அளவுதான். ஒரு கலியாண வீட்டின் 32 ஜி.பி. காட்டை இறக்க 19 நிமிடம் எடுத்தது. பழைய 512 எம்.பி. காட்டுகளுக்கு அது பெரிய விசயமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அதை இந்தப் பெட்டியோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது.

முன்பு கொம்பியூட்டரைப் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் வேலை தொடங்கலாம். பிறகு மூன்று நிமிடம் ஆனது. ஆளியை அமத்தினால் மதர்போட் நிறுவனத்தின் சின்னம் வந்து நிற்கும், பிறகு கறுப்புத் திரை, நெடுநேரம் கறுப்புத் திரை, அதற்குப் பிறகுதான் விண்டோஸ். மூன்று நிமிடம் பெரிய நேரமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் இருந்து, வேலை இல்லாத நேரம் கொம்பியூட்டரை நிற்பாட்டி வைப்பது எங்கள் கடையில் வழக்கம். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் போடுகிறோம். பரீட்சைக்கு விண்ணப்பிக்கப் படம் வேண்டும் என்று ஓடி வருகிற பிள்ளை, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே நிற்கும். நான் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

றீடர் பூட்டின அதே கிழமை விண்டோஸும் புதுப்பித்துக் கொண்டது. அதனால் பழி முழுக்க விண்டோஸுக்குப் போனது. ஒரு இடத்துக்குக் கொண்டு போனோம். வைரஸ் என்றார்கள், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட, அதாவது போமற் பண்ண வேண்டும் என்றார்கள். பண்ணினார்கள். பாமினி எழுத்துருவும், நான் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த அழைப்பிதழ் எழுத்துருக்களும் போய்விட்டன. திரும்பச் சேர்க்க இரண்டு நாள் போனது. நேரம் குறையவில்லை. பிறகு ஹாட் டிஸ்க் கிழடு என்று சொல்லி அதை விட வேகமான 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. டிஸ்க் போட்டார்கள். அது நல்ல விசயம்தான். விண்டோஸ் வந்த பிறகு எல்லாம் பறக்கிறது. ஆனால் அந்தக் கறுப்புத் திரை ஒரு நொடி கூடக் குறையவில்லை. அந்த இடத்தில் ஒருவராவது, விண்டோஸ் தொடங்க முன்னம் நேரம் போகிறதா, தொடங்கின பிறகு போகிறதா என்று பார்க்கவில்லை. காசை விட எனக்கு அதுதான் மனத்தாக்கம்.

ஸ்ரான்லி வீதியில் இருந்து உள்ளுக்குப் போகிற ஒரு ஒழுங்கையில் ஒரு தம்பி தனியாகத் திருத்தகம் வைத்திருக்கிறார் என்று மாமியின் தங்கச்சி மகள் சொன்னாள். கடை என்று சொல்ல ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க வயர். பெட்டியைக் கொண்டு போய் வைத்தேன். அவர் உடனே திறக்கவில்லை. "அக்கா, முதல் ஒருக்காப் போட்டுப் பாப்பம். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றார். போட்டார். கைபேசியில் நேரம் பிடித்தார். விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மனேஜரைத் திறந்து, ஸ்ராட்டப் பக்கத்துக்குப் போய், வலது மேல் மூலையைக் காட்டினார். 'லாஸ்ட் பயோஸ் ரைம்' என்று ஒரு வரி. பக்கத்தில் 118.6 நொடி.

"விண்டோஸிலை பிழையில்லை அக்கா. அது எழும்ப முன்னமே இரண்டு நிமிசம் போகுது. இனி எத்தனை தரம் போமற் பண்ணினாலும் உது மாறாது."

அந்த வரி விண்டோஸ் 8 இல் இருந்து இருக்கிறதாம். யு.ஈ.எப்.ஐ. என்ற புதிய தொடக்க முறையில் விண்டோஸ் போட்ட கொம்பியூட்டர்களில் மட்டும் தெரியும். பழைய முறையில் போட்டிருந்தால் அந்த வரியே வராது, அப்போது கைபேசியில் நேரம் பிடிப்பதுதான் வழி. ஒரு சதமும் செலவில்லாத சோதனை. இதை வாசிக்கிறவர்கள் ஒருக்கால் தங்கள் கொம்பியூட்டரிலும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் விரிவாக எழுதுகிறேன்.

பிறகு நிற்பாட்டித் திரும்பப் போட்டார். இந்தத் தரம் திரையைப் பார்க்கவில்லை, பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். "உந்த நீல வெளிச்சத்தைப் பாருங்கோ." கறுப்புத் திரை நிற்கிற நேரம் முழுக்க றீடரின் வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. விண்டோஸ் தொடங்கியதும் மின்னுவது நின்றது. ஒரு மாதமாக அந்த வெளிச்சம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் மின்னிக் கொண்டிருந்திருக்கிறது.

அவர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். கொம்பியூட்டர் எழும்பும்போது முதலில் வேலை செய்வது மதர்போட்டில் இருக்கிற பயோஸ். எந்த டிஸ்க்கில் இருந்து விண்டோஸைத் தொடங்கலாம் என்று அது தேடும். எங்களுக்குக் காட் றீடர் ஒரு பெட்டி. பயோஸுக்கு அது ஐந்து தனித்தனி டிஸ்க். ஒவ்வொன்றையும் "நீ ஆயத்தமா" என்று கேட்கிறது. வாயில் காட் இல்லாததால் "உள்ளே ஒன்றும் இல்லை" என்று பதில் வருகிறது. சில பயோஸ் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு உடனே அடுத்ததுக்குப் போகும். சில, கொஞ்சம் காத்திருந்து திரும்பவும் கேட்கும், திரும்பவும் கேட்கும். ஐந்து வாய்க்கும் அப்படிக் கேட்டு முடிக்கத்தான் எங்களுடையதற்கு இரண்டு நிமிடம் போனது. வெறும் வாய்க்காக இவ்வளவு காத்திருப்பு.

பெட்டியைத் திறந்து 9 ஊசி வயரை மட்டும் கழற்றினார். திரும்பப் போட்டார். 8.9 நொடி.

நான் அழுதுவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. போமற் பண்ணின நாளில் வந்திருக்க வேண்டிய கண்ணீர் அன்றைக்குத்தான் வந்தது.

அவர் அதோடு விடவில்லை. "அக்காவுக்கு றீடர் வேணும்தானே" என்று கேட்டுவிட்டு, வயரைத் திரும்பக் கொழுவி, பயோஸுக்குள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். தொடங்கும் வரிசையில் எஸ்.எஸ்.டி.யை முதலாவதாக வைத்தார். கொஞ்சம்தான் குறைந்தது, ஏனென்றால் எதில் இருந்து தொடங்குவது என்று முடிவெடுக்க முன்னமே எல்லா யு.எஸ்.பி. சாமானையும் எண்ணிப் பார்க்கிற பயோஸ் அது. சோதனைகளைக் குறைத்து வேகமாகத் தொடங்க வைக்கிற 'பாஸ்ட் பூட்' போட்டதும் நேரம் நன்றாகக் குறைந்தது. ஆனால் விண்டோஸ் வரும் வரை யு.எஸ்.பி. விசைப்பலகை வேலை செய்யவில்லை. பிறகு பயோஸுக்குள் போக வேண்டி வந்தால் பழைய வட்டத் துளை விசைப்பலகை தேட வேண்டும். விண்டோஸ் வர முன்னமே யு.எஸ்.பி. சாமான்களை வேலை செய்ய வைக்கிற 'லெகசி யு.எஸ்.பி.'யை நிற்பாட்டினாலும் அதே கரைச்சல். பயோஸைப் புதுப்பித்தால் சில மதர்போட்டில் சரிவருமாம். எங்களுடையதில் ஏற்கெனவே கடைசிப் பதிப்புத்தான் இருந்தது. புதுப்பிக்கும்போது இடையில் கரண்ட் போனால் மதர்போட்டே போய்விடும், யு.பி.எஸ். இல்லாமல் தான் அந்த வேலையைத் தொடுவதில்லை என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு அவரில் நம்பிக்கை வந்தது.

றீடரைத் தன் மேசையில் இருந்த புதுக் கொம்பியூட்டரிலும் கொழுவிக் காட்டினார். அங்கே இரண்டு மூன்று நொடிதான் கூடியது. ஆகவே றீடரில் மட்டும் பிழை என்று நான் எழுத மாட்டேன். இந்த றீடரும் எங்கள் மதர்போட்டும் சேர்ந்த சேர்க்கைதான் பிழை. ஆனால் விற்ற இடத்தில் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டபோது, சாமான் வேலை செய்கிறது, பழுதில்லை என்று சொல்லி எடுக்கவில்லை. நேரம் பிடித்துக் காட்டியும் கேட்கவில்லை. அது சரியில்லை.

இன்னொன்றும் வெளியில் வந்தது. இது தொடக்க நேரத்தை விடப் பெரிய ஆபத்து. பின்னேரங்களில் மட்டும் கொழுவுகிற வெளி டிஸ்க் ஒன்றில்தான் நாங்கள் படங்களைப் பிரதி எடுத்து வைப்பது. விண்டோஸ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கொடுக்கிற ஆங்கில எழுத்தில், அது முன்பு எப். என்று வரும். றீடரின் ஐந்து வாயும் எப். தொடக்கம் ஜே. வரை பிடித்துக்கொண்டதால் டிஸ்க் கே. ஆகிவிட்டது. வெறும் வாய்களை விண்டோஸ் கண்ணில் காட்டாமல் மறைத்து வைக்கும், அதனால் எனக்குத் தெரியவில்லை. பிரதி எடுக்கிற மென்பொருள் எப்.பைத் தேடித் தேடி, இரண்டு கிழமை ஒன்றையும் சேமிக்காமல் விட்டிருக்கிறது. அந்த இரண்டு கிழமைக்குள் மூன்று கலியாணம். எஸ்.எஸ்.டி.யில் படங்கள் இருந்ததால் தப்பினோம். தம்பி விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் வெளி டிஸ்க்குக்கு எக்ஸ். என்ற எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். இப்படியான றீடர் வைத்திருக்கிற எந்தப் படப்பிடிப்பு நிலையமும் இதை இன்றைக்கே செய்ய வேண்டும்.

கடைசியில் அவர் செய்த வழி எனக்கு முழுத் திருப்தி. 9 ஊசியைச் சாதாரண யு.எஸ்.பி. முனையாக மாற்றுகிற வயர் ஒன்று போட்டு, றீடரை ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அடைத்துத் தந்தார். பழைய காட் வருகிற நேரம் கொழுவினால் போதும். நாளாந்த எஸ்.டி. வேலைக்கு யு.எஸ்.பி. 3.0 றீடர் ஒன்றைத் தனியாக வாங்கச் சொன்னார், தன்னிடம் விற்பனைக்கு இல்லை என்றும் சொன்னார். முன்பு 19 நிமிடம் எடுத்த 32 ஜி.பி. காட் அதில் ஏழு நிமிடத்துக்குள் இறங்குகிறது. அவருடைய கூலி, வயரோடு சேர்த்து, 1,500 ரூபா. போமற்றுக்கு நான் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு.

ஆகவே, பழைய காட்டுகள் வாசிக்க வேண்டியவர்கள் இந்த றீடரை வாங்கலாம், ஆனால் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். எஸ்.டி. மட்டும் போதும் என்றால் இது வேண்டாம். ஏற்கெனவே பூட்டியிருந்து கொம்பியூட்டர் எழும்பப் பிந்துகிறது என்றால், ஆரிடமும் கொண்டு போக முன்னம் அந்த வயரைக் கழற்றி ஒரு தரம் போட்டுப் பாருங்கள். தம்பியின் திருத்தகம் ஞாயிறு பூட்டு. மழைக் காலத்தில் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனாலும் போகலாம்.

வெள்ளைக் கைக்குட்டை அம்மாவின் உறவினர் ஒருவர் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறார். அவரிடம் சொல்லி விட்டிருக்கிறேன். அடுத்த திருவிழாவுக்கு வரும்போது அந்தக் காட்டை எடுத்துவரச் சொல்லி.

றீடர் இப்போது என் மேசை லாச்சியில். பெட்டியின் மேல் 'வேலை முடிந்ததும் கழற்றவும்' என்று மாக்கரால் எழுதி வைத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை இவர் கழற்ற மறந்துவிட்டார். அடுத்த நாள் காலை ஆளியை அமத்தியதும் கறுப்புத் திரை வந்து நின்றது. நான் குனிந்து பார்த்தேன், நீல வெளிச்சம் மின்னிக் கொண்டிருந்தது. கழற்றினேன்.