பழைய வரைபட மறுபதிப்புகள்: பூட்டனாரின் ஊரையும் வீட்டையும் தேட எது உதவும்?

எங்கள் பூட்டனார் புங்குடுதீவிலிருந்து கொழும்புக்கு வந்து புறக்கோட்டையில் கடை வைத்தவர். அவருடைய ஊரையும் பின்னர் அவர் குடியிருந்த கொட்டாஞ்சேனை வீட்டையும் தேடும் முயற்சியில், மூன்று வகை வரைபட மறுபதிப்புகளை மேசையில் விரித்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஒல்லாந்தர் காலப் படங்கள் மிக அழகானவை. ஆயினும் கரையோரமும் தீவுகளின் உருவமும் துல்லியமற்றவை என்பதால் அவற்றில் தூரம் அளக்க முடியாது. அவற்றின் பயன் பெயர்களில்தான் இருக்கிறது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர்: புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று, காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் என்ற பெயர் இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. பழைய பதிவொன்றில் மிடில்பேர்க் என்று கண்டு, அது ஐரோப்பிய ஊர் என்று எண்ணித் தேடலைக் கைவிடக்கூடியவருக்கு இந்தப் படம் பெரிய துணை.

ஊரைத் தேடுவதற்கு என் தெரிவு, 1800இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் ஒரு மைலுக்கு ஓர் அங்குலப் படங்களே. இலங்கை முழுவதையும் 72 தாள்களில் காட்டும் அந்தத் தொடரில் குளம், கோயில், வண்டிப்பாதை ஆகியவை உரிய இடத்தில் இருப்பதால், பாட்டி சொன்ன அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் காணியை அதில் தேடக்கூடாது. காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு பரப்பு (யாழ்ப்பாண நில அளவு), அதாவது 10 பேர்ச், என்று எழுதப்பட்ட சதுரக் காணியின் பக்கம் ஏறத்தாழ 52 அடி. இந்தப் படத்தில் அது கால் மில்லிமீற்றர், பென்சில் முனையின் புள்ளிக்குள் மறைந்துவிடும்.

ஓர் அங்குலத்துக்கு நான்கு சங்கிலி, அதாவது 264 அடி, என்ற அளவில் வரைந்த நகரப் படத்தில் அதே காணி 5 மில்லிமீற்றராக விரிகிறது. ஆகவே கொழும்பு வீட்டுக்குப் பெரிய அளவுத்திட்டப் படமே வேண்டும். அதுவும் உறுதி எழுதப்பட்ட ஆண்டை ஒட்டியதாக இருக்கவேண்டும், ஏனெனில் டரட் வீதி தர்மபால மாவத்தையாகவும் கிறீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையாகவும் மாறியதுபோலப் பல பெயர்கள் மாறிவிட்டன.

நான் வாங்கிய நகரப்படத்தின் ஓரம் வெட்டப்பட்டிருந்ததால், அளந்த ஆண்டும் திருத்திய ஆண்டும் போய்விட்டன. அந்த இழப்பு இன்றும் என்னை வருத்துகிறது. தாளைச் சிறிதாக்கி அச்சிட்டால் ‘ஓர் அங்குலம்’ என்ற எழுத்தும் பொய்யாகிவிடும்; படத்தோடு சேர்ந்து சுருங்கும் அளவுக்கோடு மட்டுமே உண்மை சொல்லும். வாங்குமுன் ஓரமும் அந்தக் கோடும் முழுமையாக இருக்கின்றனவா என்று விரித்துப் பாருங்கள்.