எரிகலா, மக்கிஷா?

அயர்லாந்தின் வடமேற்கிலுள்ள டோனகல் பகுதிக்குப் போகிறவர்கள் ஏறுவது பெரும்பாலும் எரிகல் மலைதான். 751 மீட்டர், அந்த மாவட்டத்திலேயே உயரமானது. டன்லூயி ஏரிக்கு மேலே வெள்ளைச் சரளை வழியும் கூம்பாக நிற்கும் அதைப் படம் எடுக்காதவர் குறைவு. அதே மலைத்தொடரில் வடகிழக்கே, மேற்பாகத்தை அரிவாளால் சீவிவிட்டதுபோல் தட்டையாகக் கிடக்கும் மக்கிஷைத் தேடிப் போகிறவர்கள் சிலர்தான். உயரம் 670 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

எரிகலில் வழி தெளிவானது. சாலையோரத்து வண்டி நிறுத்தத்திலிருந்து ஏறவேண்டியது சுமார் 500 மீட்டர். கால்பட்டுச் சேறாகிக் கிடந்த அடிவாரப் பாதையை அண்மை ஆண்டுகளில் கல் பாவிச் சீரமைத்திருக்கிறார்கள். அதன்பின் சரளை, முடிவில் இரட்டை உச்சி. இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய முகட்டில் நடக்கும் சில நிமிடங்களுக்காகவே இந்த மலையை ஏறலாம். கோடை வார இறுதிகளில் அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதுதான் குறை.

மக்கிஷின் சிறப்பு உச்சியில் இல்லை, ஏறும் வழியில் இருக்கிறது. கிரீஷ்லாக் ஊர்ப்பக்கமாக, வடக்கு முகத்தில் ஏறுவது 'சுரங்கத் தொழிலாளர் பாதை'. கண்ணாடி செய்ய உகந்த தூய வெண்மணலை ஒரு காலத்தில் இந்த மலையின் மேலிருந்து வெட்டியெடுத்தார்கள். அந்த ஆட்கள் வேலைக்கு ஏறியிறங்கிய தடம் இது. துருப்பிடித்த இயந்திரங்கள் இன்னும் கிடக்கின்றன. பாறைச் சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறும்போது, மழையிலும் காற்றிலும் தினமும் இங்கே வந்து போனவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. தெளிந்த நாளில் மேலிருந்து ஹார்ன் ஹெட் முனையும் டோரி தீவும் தெரியும்.

ஆனால் மேகம் இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். எரிகலின் கூம்பில் திசை தவறுவது கடினம். மக்கிஷின் கற்கள் பரவிய அகன்ற மேட்டில் பாதை இறங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே பாடு, தவறினால் கீழே செங்குத்துச் சரிவு. வரைபடமும் திசைகாட்டியும் பழகாதவர்கள் அன்று எரிகலுக்கே போகட்டும்.

வானம் தெளிந்து பாறை காய்ந்திருந்தால் என் வாக்கு மக்கிஷுக்கு. ஏறியது வடக்கு வழியென்றால், ஈரமானால் வழுக்கும் அதே பாதையில் இறங்காமல் தெற்கே மக்கிஷ் கணவாய்ப் பக்கம் இறங்குவது நல்லது. அதுவும் சரிவுதான் என்றாலும் பாறை இடுக்குகள் இல்லை. அதற்கு மறுபக்கம் இன்னொரு கார் நிற்கவேண்டும். பஸ்ஸை நம்பி இறங்கக்கூடிய இடம் இல்லை அது.