அஞ்சு பெட்டியிலும் சத்தம் வருதுன்னு நம்பிப் பணத்தை நீட்டிடாதீங்க

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கம் யாராவது வீட்டில் ஹோம் தியேட்டர் மாட்டப்போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். நாலு மாதம் நான் ஏமாந்தது தெரியாமலே இருந்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்பாவுக்கு 74 வயது, காது கொஞ்சம் மந்தம். டிவியில் பேசுவது புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். நாதஸ்வரக் கச்சேரி என்றால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. அதற்காகத்தான் குறுவை அறுத்த பணத்தோடு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதையும் சேர்த்து 58,000 ரூபாய்க்கு ஒரு 5.1 செட் எடுத்தோம். டிவி சத்தத்தை வாங்கிப் பெட்டிகளுக்குப் பிரித்து அனுப்புகிற ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்கென்றே ஒரு சப்-ஊஃபர். அதற்கு ஜிஎஸ்டி பில் ஒழுங்காகக் கொடுத்தார்கள். ஆனால் மாட்டுகிற கூலி 4,500, ‘சுத்தக் காப்பர்’ வயர் 60 மீட்டர் 5,400, இந்த இரண்டையும் கடைப் பெயர்கூட அச்சடிக்காத ஒரு எஸ்டிமேட் தாளில் எழுதித் தந்தார்கள். நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு பையன்கள் வந்து சுவரைத் துளைத்து மாட்டினார்கள். ரிமோட்டில் எதையோ அமுக்கி ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, “பாருங்க சார், அஞ்சு பாக்ஸ்லயும் சத்தம் வருதா?” என்று கேட்டான் ஒருவன். ஒவ்வொன்றாகக் காதை வைத்துப் பார்த்தேன், வந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாளே அப்பா சொன்னார், “ஏம்ப்பா, தவுல்ல வலந்தலை கேக்குது, தொப்பியக் காணோமே.” வலந்தலை கூடு மாட்டிய விரலால் வாசிக்கிற பக்கம், தொப்பி கழியால் அடிக்கிற கனத்த பக்கம். அந்தக் கனம் மட்டும் வரவில்லை. பேச்சும் முன்னைப் போலவேதான் புரியவில்லை. கடைக்குப் போன் செய்தால், வந்து பார்க்க 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, “டிவி பழசு சார், நல்ல ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டாத்தான் சரியாகும், 3,200 ஆகும்” என்றார்கள். நல்லவேளை, அன்று கையில் பணம் இல்லை.

தைப்பூசத்துக்கு எங்கள் கோயிலில் மைக்செட் போட வந்த அண்ணனை அப்பாதான் காப்பிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “தம்பி, பிளஸ் மைனஸ் மாறிக் கெடக்கு” என்றார். ரிசீவரிலிருந்து வயரைக் கழற்றி, ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல்லின் பிளஸ்ஸை வயரின் பிளஸ்ஸில் வைத்து, மைனஸை மைனஸில் லேசாகத் தொட்டார். இடது முன் ஸ்பீக்கரின் கோன் வெளியே தள்ளியது. வலது பக்கத்தில் அதே மாதிரி தொட்டால் கோன் உள்ளே போயிற்று. ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் கனத்த சத்தம் ஒன்றையொன்று அழித்துவிடும் என்றார். போதாக்குறைக்கு ரிசீவர் மெனுவில் சப்-ஊஃபர் ‘இல்லை’ என்று வைத்திருந்தது. நாலு மாதமாக அதில் லைட் மட்டும்தான் எரிந்திருக்கிறது.

இதைவிட மோசம் டிவிக்குப் பின்னால். டிவி சத்தத்தை ரிசீவருக்கு அனுப்புவதற்கென்றே ஏஆர்சி என்று எழுதியிருந்த ஹெச்டிஎம்ஐ துளை காலியாக இருக்கிறது, ஹெட்போன் துளையிலிருந்து சிவப்பு வெள்ளை வயரைப் போட்டு ரிசீவரில் செருகியிருக்கிறார்கள். அந்த வயரில் இடது, வலது என்று இரண்டு சேனல்தான் போகும். அப்படியானால் ஐந்திலும் சத்தம் எப்படி வந்தது? ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ என்று ஒரு மோடு, அந்த இரண்டு சேனலையே எல்லாப் பெட்டிக்கும் பங்கு போட்டு அனுப்பும். பேச்சு தனியாக வரவேண்டிய நடுப் பெட்டியிலும் எல்லாம் கலந்த அதே சத்தம். அப்பாவுக்கு எப்படிப் புரியும்?

வயர் நுனியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! (ஈயம் பூசின நல்ல காப்பரும் உண்டு, அது வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) செம்பு கடத்துவதில் 60 சதவீதம் சொச்சம்தான் அலுமினியம் கடத்தும், விலையும் மலிவு. எங்கள் பக்கத்து ஈரக்காற்றுக்கு நுனியில் அதற்குள் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

வீட்டில் கிடந்த ஹெச்டிஎம்ஐ கேபிளையே ஏஆர்சியில் போட்டு, டிவி ஆடியோவை பிசிஎம்மிலிருந்து (ஏஆர்சி வழியே இரண்டு சேனல்தான் போகும்) பிட்ஸ்ட்ரீமுக்கு (5.1 ஒலி அப்படியே போகும்) மாற்றி, டிவியும் ரிசீவரும் ஒன்றையொன்று இயக்குவதற்கான சிஇசியை ஆன் செய்து, பிளஸ் மைனஸைச் சரிபண்ணியதோடு வேலை முடிந்தது. மைக்செட் அண்ணன் ஒரு பைசா வாங்கவில்லை.

நீங்கள் பணம் கொடுக்கும் முன் ரிசீவர் மெனுவில் டெஸ்ட் டோன் போடச் சொல்லுங்கள். இரைச்சல் முன் இடது, நடு, முன் வலது, பின்னால், சப் என்று ஒவ்வொரு பெட்டியாக நகரவேண்டும். 5.1 ஒலியுள்ள படம் ஒன்று ஓடும்போது ரிசீவர் திரையில் டால்பி டிஜிட்டல் என்று வருகிறதா பாருங்கள். வயரைச் சுவருக்குள் இழுக்கும் முன்பே சுரண்டிப் பாருங்கள். கூலிக்கும் வயருக்கும் சேர்த்தே பில் கேளுங்கள்.

கடையில் போய்க் கேட்டதற்கு, “வயரு நாங்க குடுத்ததுதான்னு என்ன சார் ப்ரூஃப்?” என்றார் முதலாளி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அந்த எஸ்டிமேட் தாளையும், கடைக்காரர் வயர் நீளம் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 5,400 ரூபாய் இன்னும் வரவில்லை.

அப்பாவுக்கு இப்போது தொப்பி கேட்கிறது.