கொட்டஞ்சுக்காதி தைலம்: ஒரு பாட்டில், இருபது நாள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டி கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைக்குள் பஸ் நுழைந்ததும் ஆயுர்வேத மருந்துக் கடைகளின் பலகைகள் கண்ணில் பட ஆரம்பிக்கும். ஆடி மாதம் மலையாளத்தில் கர்க்கடகம். அந்த ஒரு மாதம் எல்லைக்கு இருபுறமும் உழிச்சில், கிழி, பிழிச்சில் என்று எண்ணெய்ச் சிகிச்சைகள் ஏழு நாள், பதினான்கு நாள் பேக்கேஜ்களாக ஓடும். முடித்து வந்தவருக்கு முட்டி இலேசாகத்தான் இருக்கும். ஆவணி பிறந்ததும் எண்ணெயும் இல்லை, பயிற்சியும் இல்லை. தீபாவளிக்குள் மாடிப்படி பழையபடி வலிக்கும்.

அந்தப் பேக்கேஜுக்குப் பதிலாக வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பற்றித்தான் இந்த விமர்சனம். முட்டி வலிக்குத் தேய்க்கும் 200 மில்லி கொட்டஞ்சுக்காதி தைலம். ஒரு கம்பெனியின் தனிச்சரக்கு அல்ல, சகஸ்ரயோகம் என்ற ஆயுர்வேத மருந்து நூலில் உள்ள பழைய முறை. 1902இல் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை முதல் பல நிறுவனங்கள் இதைக் காய்ச்சுகின்றன. பெயரிலேயே சரக்கு இருக்கிறது: கொட்டம் என்கிற கோஷ்ட வேர், சுக்கு. இவற்றோடு வசம்பு, முருங்கை, பூண்டு, கடுகு, தேவதாரு, புளிச்சாறு, தயிர். எல்லாம் நல்லெண்ணெயில் இறங்குகின்றன. வாசனை? பூண்டும் புளித்த தயிரும் சேர்ந்த ஒரு வாடை. மாலையில் தேய்த்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போக முடியாது.

கவுண்டரில் "எந்த எண்ணெய்ங்க வேணும்?" என்று கேட்டால் பெயரை முழுசாகச் சொல்லுங்கள். "முட்டி வலி எண்ணெய்" என்று மட்டும் கேட்டால் மூன்று பாட்டில் மேஜைக்கு வரும்: தன்வந்தரம், சகசராதி, இது. தன்வந்தரத்தில் 'குழம்பு' என்றும் ஒன்று உண்டு. சோற்றுக்கு ஊற்றுவது அல்ல. நல்லெண்ணெயோடு ஆமணக்கெண்ணெயும் நெய்யும் சேர்ந்த கெட்டிச் சரக்கு. மூன்றையும் வாங்கி மாற்றி மாற்றித் தேய்த்தால் எது ஒத்துக்கொண்டது, எது அரிப்பைக் கொண்டுவந்தது என்று தெரியவே தெரியாது. காலையில் விறைத்து, நடக்க நடக்கத் தளரும் முட்டிக்குக் கொட்டஞ்சுக்காதி பொருந்தும். சிவந்து, தொட்டால் சுடும் முட்டிக்கு ஆகாது; இது சூட்டு எண்ணெய். லேபிளில் லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் லேபிள் இல்லாமல் விற்கும் எண்ணெயைத் தொட வேண்டாம்.

முதல் நாள் முட்டிக்குப் போகாதீர்கள். முன்கையின் உள்பக்கம் இரண்டு சொட்டு தடவி மறுநாள் வரை விடுங்கள். கடுகும் பூண்டும் சிலர் தோலுக்கு ஆகாது. தடிப்போ அரிப்போ வந்தால் அதோடு நிறுத்திவிடலாம்.

அளவு, இரண்டு முட்டிக்கும் சேர்த்து 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன். பாட்டில் வாயிலிருந்து நேராகக் கையில் கவிழ்த்தால் இதைவிட இரண்டு மடங்கு கொட்டும், ஸ்பூனில் அளந்தே எடுங்கள். குளிக்கத் தண்ணீர் காயும்போது எண்ணெய்க் கிண்ணியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மூன்று நிமிடம் மிதக்க விட்டால் போதும். கேஸ் அடுப்பில் நேராக வைத்தால் வெளியே இளஞ்சூடாகத் தெரியும் எண்ணெய் அடியில் கொதித்திருக்கும். முட்டியில் கொப்புளம் வருவது இப்படித்தான். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத் தேயுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டுங்கள். முட்டிச் சில்லைச் சுற்றிக் கட்டைவிரலால் வட்டமாக, அதற்கு மேலே தொடையில் நான்கு விரல் அகலம் வரை உள்ளங்கையால் மேல்நோக்கி, காலுக்கு ஐந்து நிமிடம். சில்லையே அழுத்திப் பிசையக் கூடாது. அரை மணி ஊறிய பின் வெந்நீரும் பாசிப்பயறு மாவும் போட்டுக் கழுவுங்கள். அந்த மாவு எண்ணெயோடு சேர்ந்து குளியலறைக் குழாயை அடைக்கும், ஜல்லடை வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரையில் ஒரு சாக்கு விரித்தே இறங்க வேண்டும். முட்டியைச் சரிசெய்யப் போய் இடுப்பை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊறும் அந்த அரை மணியில்தான் உண்மையான வேலை. முட்டித் தேய்மானத்துக்கு எண்ணெயைவிட நிரூபணம் உள்ளது தொடைத் தசைப் பயிற்சி. நீட்டிய முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். காலுக்குப் பத்து முறை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஐந்து முறை. தைலம் தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. சூடும் தடவலும் விறைப்பைக் கொஞ்சம் தளர்த்தும், பயிற்சிக்குக் கால் மடங்கும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்ப்பது எண்ணெய்க்குச் செய்யும் அநியாயம்.

காய்ச்சலோடு முட்டி வீங்கினால் மருத்துவமனைதான். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது. இரத்தக் கட்டியாக இருக்கலாம். ஆறாத புண் மேலும் வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஒன்று போனது வாடைக்கும் கறைக்கும். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறை லேசில் போகாது; பழைய லுங்கி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் வேர்க்குரு வந்தால் ஒரு டீஸ்பூனாகக் குறைக்கலாம்.

பாட்டிலைத் திறந்த அன்றே எண்ணெய் உயரத்தை நான்காகப் பிரித்து, வெளியே மார்க்கர் பேனாவால் மூன்று கோடு போடுங்கள். தினமும் 10 மில்லி என்றால் ஐந்து நாளில் முதல் கோட்டுக்கு இறங்கும். ஆறாம் நாளும் எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றால் எங்கோ ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது. ஒரு நாள் விட்டதற்காக மறுநாள் இரட்டிப்பாகத் தேய்க்க வேண்டாம், அதே இரண்டு ஸ்பூன்தான். கடைக்கோடும் தாண்டிக் காலியான பிறகு அடுத்த பாட்டிலுக்குக் கொழிஞ்சாம்பாறை பஸ் ஏறுங்கள். பாதிப் பாட்டில் அலமாரியில் நிற்கும்போது இன்னொன்று வாங்காதீர்கள்.