வடசேரி பழைய புக் கடை

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பழைய புக் கடைக்கு போனேன், பேரு போர்டே இல்ல, உள்ள ஒரே தூசி, தும்மல் உள்ளவங்க மாஸ்க் போட்டுட்டு போங்க. ஆனா வாரப் பத்திரிகை பைத்தியம்னா விடாதீங்க. 1983ல ஜூனியர் விகடன் வந்தப்புறம்தான் வீட்டுல கதை, ஜோக் படிச்சிட்டு இருந்த ஆளுங்க அரசியல் ரிப்போர்ட்டுக்காக கடையில காத்துக்கிடக்க ஆரம்பிச்சாங்கன்னு எனக்க அப்பா சொல்லுவாரு. அந்தக் காலத்து இதழ் கட்டு கட்டா கெடக்கு, பாதி கரையான் தின்னது. 1987ல அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டசபை மூணு மாச ஜெயில் போட்டுச்சுல்லா, அந்த வருஷ இதழ் கேட்டேன், அண்ணாச்சி "அது போயிட்டு மக்களே"ன்னுட்டாரு. கடுப்பு! துக்ளக் கொஞ்சம் இருக்கு, 1970ல சோ ஆரம்பிச்சது, ஆனா பழசு ஒண்ணும் கிடைக்கல. கட்டைப் பிரிச்சு பாக்க விடுதாரு, அதுக்கே ஒரு ஸ்டார். விலை மட்டும் ஆளைப் பாத்து சொல்லுதாரு, பேரம் பேசணும். நக்கீரன் அடுக்கு மாடிப்படிக்கு கீழ, டார்ச் கொண்டு போங்க.