மூன்று வருடமாகப் பிடித்துவிட்டுக்கொள்ளும் கழுத்து

எனக்கு வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். கழுத்துக்கும் வலது தோள் முனைக்கும் நடுவில், பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. செப்டம்பர், அக்டோபர் வந்தால் காலை ஒன்பது மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தவன் இரவு ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பேன். 2022 தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில் பைக்கைப் பின்னால் எடுக்கத் திரும்பிப் பார்த்தால் கழுத்து வரவில்லை. இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்தார். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இருக்கும் தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். ஆறாம் நாள் வலி திரும்பி வந்தது. அப்புறம்தான் மசாஜ் பக்கம் போனேன். கணக்குப் பார்க்கிறவன் புத்தி, ஒரு சின்ன நோட்டு போட்டு இரவு படுக்கும் முன் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதிவந்தேன். வலியே இல்லாவிட்டால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10. இங்கே எழுதுவதெல்லாம் அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

முதலில் சலூன். முடி வெட்டி முடித்ததும் தலையில் தட்டி, தோளைப் பிடித்து, கடைசியாகத் தாடையைப் பிடித்து ஒரு திருகு திருகி நெட்டி எடுப்பார்களே, அது. சத்தம் கேட்டதும் பாரம் இறங்கின மாதிரி இருக்கும். நாலைந்து தடவை செய்துகொண்டேன். பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. சட்டென்று திருகினால் அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். எப்போதோ ஒருவருக்குத்தான் அப்படி ஆகும், சரி. ஆனால் அந்த ஒருவர் நானாக ஏன் இருக்க வேண்டும்? தலையில் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

அடுத்து ஒரு ஸ்பா. ஒரு மணி நேரத்துக்கு 2,200 ரூபாய். மங்கலான விளக்கு, புல்லாங்குழல் இசை, லெமன்கிராஸ் வாசனை. சுகத்தில் குறை சொல்ல முடியாது, பாதியிலேயே குறட்டை விட்டிருக்கிறேன். அன்று இரவு நோட்டில் 6 என்பது 3 ஆனது. மூன்றாம் நாள் மறுபடி 6. மாதம் ஒரு தடவை என்று ஐந்து மாதம் போனேன், ஐந்து தடவையும் இதே கதை. போகும்போதெல்லாம் “உடம்புல இருக்கிற நச்சு எல்லாம் வெளியேறும் சார், நிறைய தண்ணி குடிங்க” என்பார்கள். நச்சு நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை, முதுகைத் தேய்ப்பதால் அது கூடப்போவதில்லை. தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் கரைகிறது என்பதும் அந்த ரகம்தான். ஓடி ஆடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் உடம்பே அதைத் தீர்த்துவிடும். ஸ்பாவில் எனக்குக் கிடைத்தது நல்ல தூக்கம். அதற்காக மட்டும் போவதென்றாலும் தப்பில்லை, பர்ஸ் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆபீஸில் ஒரு அண்ணன் சொல்லித்தான் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனேன். சித்தத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. எனக்கு அழுத்தலும் பிடித்தலும் அசைத்தலும்தான். முதல் நாள் மருத்துவர் எண்ணெயைத் தொடும் முன் கேள்விகளாகக் கேட்டார். கை மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா, ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஸ்பாவில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி எந்த வாசனை வேண்டும் என்பது.

வாதகேசரித் தைலத்தை வெதுவெதுப்பாக்கித் தொடங்குவார்கள். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது. புல்லாங்குழல் கிடையாது, மின்விசிறி கிறீச்சிடும், வராந்தாவில் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்கும். தொக்கணம் செய்பவர் முதலில் தோள் முழுக்க மெதுவாக நீவிவிடுவார். தசை இளகியதும் அந்தப் பட்டாணி முடிச்சில் கட்டைவிரலை வைத்து அப்படியே நிறுத்திவிடுவார். தேய்க்க மாட்டார். “மூச்சை இழுத்து விடுங்க” என்பார். முதல் பத்து விநாடி கண்ணில் தண்ணீர் வரும், வலி காதுக்குப் பின்னால் வரை ஓடும். அப்புறம் ஐஸ் உருகுகிற மாதிரி விரலுக்கடியில் ஏதோ இளகும். மொத்தமே இருபது நிமிடம். வீட்டுக்கு வந்து பயத்தமாவு போட்டு வெந்நீரில் குளித்தால் உடம்பு லேசாகிவிடும்.

இதைத் தொடர்ந்து ஏழு நாள் செய்தார்கள். நோட்டில் 7 என்று தொடங்கியது ஏழாம் நாள் 2. அந்த 2 அடுத்த பத்து நாள் நின்றது. மாதம் ஒரு தடவை செய்தபோது கிடைக்காதது அடுத்தடுத்து செய்தபோது கிடைத்தது. இதைப் பற்றித் தேடிப் படித்தபோது 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. நாள்பட்ட கழுத்துவலி உள்ள 228 பேரைப் பிரித்து, வெவ்வேறு அளவில் நாலு வாரம் மசாஜ் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாரம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் பெற்றவர்களுக்குத்தான் நல்ல பலன். என் ஏழு நாள் அதே கணக்கில்லை, ஆனாலும் மாதம் ஒரு முறை ஏன் எடுபடவில்லை என்பது புரிந்தது.

தேய்த்தால் வலி ஏன் குறைகிறது என்பதற்கு 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் ஒரு விளக்கம் சொன்னார்கள். தொடு உணர்வும் வலி உணர்வும் தண்டுவடத்தில் ஒரே கதவு வழியாகப் போகப் பார்க்கின்றன, தொடுவுணர்வு முந்திக்கொண்டால் வலிக்குக் கதவு பாதி சாத்திவிடும் என்று. முட்டி இடித்துக்கொண்ட பிள்ளையை அம்மா தேய்த்துவிடுவதும் அந்தக் கதவைச் சாத்தத்தான் போலிருக்கிறது.

ஆனால் மூன்றாம் வாரம் முடிச்சு திரும்ப வந்தது. எரிச்சலோடு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, உங்கள் மானிட்டர் தாழ்வாக இருக்கும், தலை முன்னால் நீட்டியே இருக்கிறது, தோள்பட்டைத் தசைக்குப் பலமில்லை என்றார். தாடையைப் பின்னுக்கு இழுப்பது, ரப்பர் பேண்டை இழுத்துத் தோள்பட்டைகளை நெருக்குவது என்று இரண்டு பயிற்சி. இதே பயிற்சிகளை முன்பே யூடியூப் பார்த்துச் செய்து, வலி தாங்காமல் விட்டவன் நான். “வலி குறைஞ்சிருக்கிற அந்தப் பத்து நாள்ல செய்ங்க” என்றார். எனக்கு இந்த மூன்று வருடத்தில் உருப்படியாகக் கிடைத்த ஒரே வாக்கியம் அதுதான். தொக்கணம் வலியை ஒழிக்கவில்லை, பயிற்சி செய்ய இடம் கொடுத்தது. மானிட்டருக்கு அடியில் பழைய வருமான வரிச் சட்டப் புத்தகங்கள் மூன்றை வைத்து உயர்த்தினேன். 2023 கடைசியில் நோட்டில் பெரும்பாலும் 2, 3தான்.

கையில் பிடித்துத் தசையில் வைத்தால் படபடவென்று தட்டும் மசாஜ் கன் என்ற கருவி ஒன்றும் மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பரவாயில்லை. கழுத்தில், அதுவும் முன்பக்கம், வைக்கவே கூடாது. இப்போது அலமாரியில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன வருடம் அப்பாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வாரம் இருக்கும். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. அம்மா விளக்கெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸாக இருக்கும் அக்கா தற்செயலாகப் போன் செய்தவள், “யாரும் காலைத் தொடாதீங்க” என்று கத்தினாள். ஸ்கேனில் ரத்தக்கட்டி. நீவிவிட்டிருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள், முதலில் மருத்துவர். காய்ச்சல், எலும்பு முறிவு, தோலில் புண் இருக்கும்போதும் வேண்டாம்.

இப்போது வருடத்துக்கு இரண்டு சுற்று தொக்கணம், தினமும் பத்து நிமிடம் ரப்பர் பேண்ட், ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய். இந்தச் செப்டம்பரில் நோட்டு மறுபடி 5 தொட்டது. பயிற்சியை இரண்டு வாரம் விட்டிருந்தேன், வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ரிட்டர்ன் வேலை முடிந்ததும் அடுத்த ஏழு நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வருவேன் என்றுதான், முழு நாள் லீவெல்லாம் அங்கே யார் தருவார்கள்.