இன்டர்போலின் ரெட் நோட்டீஸ் தேடல் பக்கம்: ஒரு மதிப்பீடு

வேற்று நாட்டில் இருக்கும் ஒருவரைக் கண்டறிந்து, அவரை ஒப்படைப்பதற்கான சட்ட நடவடிக்கை தொடங்கும்வரை தற்காலிகமாகக் கைது செய்யுமாறு உலகக் காவல்துறைகளை ஒரு நாடு கேட்டுக்கொள்வதற்கான வழியே ரெட் நோட்டீஸ். 1947 முதல் வழக்கத்தில் உள்ள இந்த அறிவிப்புகளுள் சிலவற்றை, நாடுகளின் காவல்துறைகளை இணைக்கும் சர்வதேச அமைப்பான இன்டர்போலின் இணையதளத்தில் பொதுமக்களும் தேடிப் பார்க்கலாம்.

பயன்படுத்துவதற்கு இப்பக்கம் எளிதாகவே இருக்கிறது. கட்டணம் இல்லை, பெயர், குடியுரிமை, வயது, தேடும் நாடு என எதைக் கொண்டும் பட்டியலைச் சுருக்கலாம். ஆனால் பெரும்பாலான ரெட் நோட்டீஸ்கள் காவல்துறையினருக்கு மட்டுமே உரியவை என்பதால், இங்கே ஒருவர் பெயர் கிடைக்கவில்லை என்பதைக் கொண்டு அவர் தேடப்படவில்லை என்று முடிவு செய்ய இயலாது. வேலைக்கு ஆள் எடுப்போர் இதை நற்சான்றிதழாகக் கருதினால் ஏமாந்து போவார்கள்.

பெயர் கிடைத்தாலும் எச்சரிக்கை தேவை. குற்றச்சாட்டு என்ற பகுதியில் இருப்பது, கோரிக்கை விடுத்த நாடு தந்த வாசகமேயன்றி இன்டர்போலின் தீர்ப்பு அன்று. ரெட் நோட்டீஸ் சர்வதேசக் கைது ஆணையும் அன்று. 196 உறுப்பு நாடுகளும் அதற்கு எந்தச் சட்ட மதிப்பைத் தருவது என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்கின்றன. கைதுக்குப் பிறகும், இரு நாடுகளுக்கிடையே ஒப்படைப்பு ஒப்பந்தம் உண்டா, சொல்லப்படும் செயல் இரு நாட்டுச் சட்டங்களிலும் குற்றமா, அது அரசியல் குற்றமா என்பன போன்ற கேள்விகள் பொதுவாக நீதிமன்றத்தில் எழும். வாசகர் உண்மையில் அறிய விரும்பும் இவற்றுள் ஒன்றுக்கும் தனிநபர் பதிவில் விடை கிடையாது என்பதே என் முதன்மையான குறை. புகைப்படத்தோடு ஒருவரைக் குற்றவாளிபோல் காட்டும் பக்கம், அந்தப் படத்தின் அருகிலேயே இந்த வரம்புகளையும் சொல்லியிருக்கலாம்.

அரசியல், இராணுவ, சமய, இன அடிப்படையிலான தலையீட்டை இன்டர்போல் அமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடை செய்கிறது. தம்மீதான அறிவிப்பு அதை மீறுவதாகக் கருதுவோர், இன்டர்போலின் தரவுகளைக் கண்காணிக்கும் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் இலவசமாகவே முறையிடலாம். ஆயினும் தம்மைப் பற்றிய பதிவின் விவரம் கேட்கும் மனுவுக்கு 4 மாதங்களும், அதை நீக்கக் கோரும் மனுவுக்கு 9 மாதங்களும், அதுவும் மனு ஏற்கத்தக்கது என்று முடிவான பின்னரே, அவகாசமாக வைக்கப்பட்டுள்ளன. விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்படுபவருக்கு அது மிக நீண்ட காலம். செய்தியாளருக்கு இப்பக்கத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தன் பெயர் இருக்குமோ என்று அஞ்சுபவர் இதை நம்பியிராமல், ஆணையத்திடம் நேரடியாக எழுதிக் கேட்பதே தக்கது.